கொழும்புக்குப் போகாத கிருஷ்ணம்மா

குழந்தைக்குப் பால் கொடுத்து முடிந்ததும் கைறுன்னிஸா கூப்பிடுவாள்.

"குட்டி, இங்க வா. வாயத் தொற."

கிருஷ்ணம்மா போய் நின்று வாயைத் திறந்து ஊதுவாள். கைறுன்னிஸா குனிந்து மோந்து பார்ப்பாள். குழந்தையின் பால்மாவை இந்தத் தோட்டத்துப் பிள்ளை திருடிக் குடிக்கிறாளோ என்பது அவளுடைய சந்தேகம். பால் வாசம் ஒருநாளும் அடித்ததில்லை. அதனால் சந்தேகம் குறைந்ததா என்றால், இல்லை. "வாய் கொப்புளிச்சிட்டுத்தான் வந்திருக்கா" என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

கிருஷ்ணம்மா மாத்தளைக்கு வந்தபோது அவளுக்குப் பத்து வயது. எல்கடுவவில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில், தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்து சிவலிங்கம் கங்காணி அவளைக் கூட்டிவந்தார். தாய் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தகப்பன் மாரிமுத்துவின் கையில் இவளும் இரண்டு தம்பிமாரும் மிஞ்சியிருந்தார்கள். "டவுன்ல நல்ல வீடு. புள்ளையப் பாத்துக்கிட்டா போதும். பள்ளிக்கூடத்துலயும் போடுவாங்க. தை பொறந்தா நானே கொண்டாந்து விட்டுர்றேன்" என்று மாரிமுத்துவிடம் கங்காணி சொன்னார். மிளகும் ஏலமும் வாங்கி விற்கும் முத்தலிப் முதலாளியின் வீட்டில் அவர் வேறு மாதிரிச் சொன்னார். தாயில்லாப் பிள்ளை, தகப்பன் திரும்பக் கேட்க மாட்டான், இங்கேயே கிடக்கட்டும் என்றார். இரண்டு பேரிடமும் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு போனார்.

முதலாளிக்கும் அவர் மனைவி கைறுன்னிஸாவுக்கும் பிறந்த றஸ்மியா அப்போது தொட்டில் பிள்ளை. அவளைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, பீத்துணி கசக்குவது எல்லாம் கிருஷ்ணம்மாவின் வேலை. தொட்டிலுக்குக் கீழே பாய். குழந்தை சிணுங்கினால் கயிற்றை இழுக்க வேண்டும் என்பதால் கயிற்றின் ஒரு முனையைக் காலில் கட்டிக்கொண்டு படுப்பாள். தை பிறந்தது. கங்காணி வரவில்லை. பள்ளிக்கூடம் என்ற பேச்சும் சம்பளம் என்ற பேச்சும் அந்த வீட்டில் எழவே இல்லை. வாசல் கேட்டுக்கு வெளியே போகக் கூடாது. ஒருமுறை கேட்டருகே நின்று தெருவைப் பார்த்ததற்கு அகப்பைக் காம்பால் அடி விழுந்தது.

முதல் தீபாவளிக்கு அப்பா வந்தார். தேயிலை ஃபெக்டரி ரோலரில் இரண்டு விரலைக் கொடுத்திருந்த வலது கையால் முறுக்குப் பொட்டலத்தைப் பிடித்தபடி முன்வாசல் வாங்குப் பலகையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கிருஷ்ணம்மா நோனா என்று கூப்பிடும் வீட்டுக்காரி கைறுன்னிஸா பக்கத்திலேயே நின்றாள்.

"நல்லா இருக்கியா புள்ள?"

"இருக்கேன்ப்பா."

அவ்வளவுதான் பேச முடிந்தது. அகப்பைக் காம்பைப் பற்றிச் சொல்ல வாய்வரை வந்தது. நோனாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து கிருஷ்ணம்மா பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அப்பா வரவில்லை. ஒரு வருடம் பொறுத்து அவள் பயந்து பயந்து கேட்டாள்.

"அப்பாகிட்டருந்து ஏதாவது சேதி வந்துச்சாங்க நோனா?"

"ஒங்கப்பா வேற கலியாணம் முடிச்சிட்டாராம். புதுப் பொண்டாட்டி ஒன்னச் சேத்துக்க மாட்டாளாம். ஒழுங்கா இங்கயே கெட."

கிருஷ்ணம்மா அழுதாள். அழுது முடித்த பிறகுதான் ஒன்று தோன்றியது. இதை நோனாவுக்குச் சொன்னது யார்? தோட்டத்திலிருந்து யாரும் வந்ததை அவள் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் வைத்துப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு வந்தது.

பார்க்கப் பார்க்கச் சில விஷயங்கள் தெரிந்தன. வீட்டின் பின்புறம் மிளகு காயப்போடும் சீமெந்துக் களம் இருந்தது. சில காலைகளில் நோனா அவசரமாக வந்து, "புள்ளையத் தூக்கிட்டுக் களத்துக்குப் போ, காக்காய வெரட்டு" என்பாள். பின்கதவை உள்ளேயிருந்து தாழ் போடுவாள். களத்தில் மிளகு இருந்தால் சரி. மிளகு இல்லாத நாளிலும் காக்கையை விரட்டச் சொன்னதுதான் கிருஷ்ணம்மாவுக்கு உறுத்தியது. வெறும் சீமெந்தில் எந்தக் காக்கை வரும்? கதவில் காதை வைத்துக் கேட்டாள். முன்வாசல் தூரம். ஒன்றும் கேட்கவில்லை.

இப்படியே ஆறு வருடம் போயிற்று. றஸ்மியா ஓடித் திரியும் பிள்ளையானாள்; இரவில் மட்டும் இன்னும் தொட்டில் ஆடினால்தான் தூங்குவாள். களத்தில் அடைந்து கிடக்க அவளுக்குப் பொறுக்காது. கதவைத் தட்டிக் கத்தினால் உம்மா அவளை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு மறுபடி தாழ் போடுவாள். அப்படி ஒருநாள் உள்ளே போன பிள்ளை, கதவு திறந்ததும் வந்து கிருஷ்ணம்மாவின் மடியில் ஏறி அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

"கிச்சம்மா, நீ கொழும்புலயா ஈக்கிற?"

"இங்கதானே இருக்கேன் கண்ணு. ஏன்?"

"உம்மா ஒரு ஆளுக்குச் சென்னாங்க. நீ கொழும்புல சாச்சி வூட்டுல ஈக்கிறியாம். அந்தாள் அழுதாரு."

கிருஷ்ணம்மா பின்கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். 

"அந்தாள் எப்பிடி இருந்தாரு?"

"கறுப்பு. கொட வச்சிருந்தாரு. இந்தக் கையில ரெண்டு வெரல் இல்ல. வெரல எங்க போட்டாரு கிச்சம்மா?"

அன்று முழுவதும் அவள் வழக்கம்போல வேலை செய்தாள். மனதுக்குள் ஒன்றே ஒன்று ஓடியது. அப்பா வந்திருக்கிறார். எத்தனை முறை வந்தார் என்பது காக்கை விரட்டிய காலைகளுக்குத்தான் தெரியும்.

யாரிடம் கேட்பது? எல்கடுவப் பக்கமும் இரத்தோட்டைப் பக்கமும் போய் மிளகு ஏற்றிவரும் லொறி டிரைவர் புஹாரி களத்தில் சாக்கு இறக்குவார். நல்ல மாதிரிதான் பேசுவார். ஆனால் முதலாளியின் ஆள். இவள் கேட்டதை அவர் நோனாவிடம் போட்டுக்கொடுத்தால், சொன்ன பொய்யை உண்மையாக்க அவளை நிஜமாகவே கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் கிருஷ்ணம்மா முதலில் அவரைச் சோதித்தாள்.

"புஹாரி நானா, ராத்திரியெல்லாம் பல்லு வலி. நோனாகிட்டச் சொல்லிராதீங்க. திட்டுவாங்க."

பல் வலியே இல்லை. அது நோனாவின் காதுக்குப் போகிறதா என்று காத்திருந்தாள். போயிருந்தால், பிள்ளை வளர்ந்த பிறகும் விடாமல் வாயை மோந்து பார்க்கும் நோனா மறுநாளே கேட்டிருப்பாள். கேட்கவில்லை. அடுத்த லொறி வந்தபோது புஹாரி மடியிலிருந்து நாலு கராம்பை எடுத்து அவள் கையில் போட்டு, "பல்லுல கடிச்சிக்க" என்று மெதுவாகச் சொன்னார். அதன் பிறகுதான் அவள் அப்பாவின் பெயரைச் சொல்லி, விசாரித்து வரக் கேட்டாள்.

புஹாரி திரும்பி வந்து சொன்ன சேதி அவள் எதிர்பார்த்ததைவிடப் பெரியது. மாரிமுத்து மறு கலியாணம் எதுவும் முடிக்கவில்லை. இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாத மற்றவர்களைப் போல அவரும் இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்திருந்தார். பாஸ்போட் வந்துவிட்டது. தோட்டத்தில் பேர் வெட்டியாயிற்று, குடியிருந்த லயக் காம்பராவையும் ஒப்படைக்க வேண்டும். மகளைத் தேடிக் கொழும்பு மருதானைக்குப் போய், நோனா தன் தங்கை வீடு என்று சொன்ன தெருவில் வீடு வீடாகக் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு வீடே அங்கே இல்லை.

"வாற ஞாயித்துக்கெழம பகல் ரயிலுக்கு மாத்தளை ஸ்டேஷன்ல ஏறுறாங்க, தங்கச்சி. ஒங்கப்பாவுக்கு நான் ஒன்னும் செல்லல்ல. சென்னா என் வேலையும் போகும். ஒனக்குத் தெரியட்டும்னுதான்."

அதையும் அவள் வைத்துப் பார்த்தாள். இவரும் பொய் சொல்லலாம். தன்னை வெளியே இழுக்க யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம். அல்லது உண்மையாகவே இருந்து, அப்பா தன்னை வேண்டாம் என்று விட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறுகிறாரா? கடைசிச் சந்தேகம்தான் அவளை அதிகம் வாட்டியது. அதைத் தீர்க்க ஒரே வழி, போய்ப் பார்ப்பது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உக்குவளையில் ஒரு கலியாண வீடு. றஸ்மியாவுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டாம் நாள் என்பதால் பிள்ளையை விட்டுவிட்டுக் கைறுன்னிஸா மட்டும் போனாள். முன்கேட்டை வெளியிலிருந்து பூட்டினாள். முதலாளி கடையில் இருந்தார்.

களத்து மதிலில் மழைக்கு இடிந்த இடம் ஒன்று உண்டு. கிருஷ்ணம்மா அங்கே வரை போனாள், திரும்பி வந்தாள். ஆறு வயதுப் பிள்ளை, உள்ளே எரிகிற அடுப்பு, பின்னால் கட்டுச்சுவர் இல்லாத கிணறு. தனியே விட்டுப் போக மனம் வரவில்லை. பிள்ளையின் தலையில் ஒரு துணியைக் கட்டி இடுப்பில் தூக்கிக்கொண்டு மதிலைத் தாண்டினாள். ஆறு வருடத்தில் முதல்தடவையாகத் தெருவில் கால் வைத்தாள். ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று தெரியாது. ஒரு கடைக்காரரிடம் வழி கேட்டாள். அவர் வழியைச் சொல்லிவிட்டு, முத்தலிப் முதலாளியின் பிள்ளையை அடையாளம் கண்டு, கடைப்பையனை முதலாளியிடம் ஓடவிட்டார்.

ஸ்டேஷனில் ஒரே அழுகைச் சத்தம். தகரப் பெட்டிகளும் பாய்ச் சுருள்களும் மேடை நிறையக் கிடந்தன. வழியனுப்ப வந்தவர்கள் ரயில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குடையைத்தான் அவள் முதலில் கண்டாள். அருகே இருந்த இரண்டு பையன்களை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

மாரிமுத்து அவளைக் கண்டு எழுந்தார். அவள் கிட்டே போகவில்லை. நாலு முழம் தள்ளி நின்று கேட்டாள்.

"என்னைய வேண்டாம்னுதான் போறீங்களா?"

"யாரு புள்ள சொன்னா? வந்து வந்து கேட்டேனே. நீ கொழும்புல இருக்குறதாச் சொன்னாங்க. அங்கயும் போனேனே."

"தைக்கு ஏன் வரல?"

"வந்தேன். நீ சொகமில்லாம தூங்குறதாச் சொன்னாங்க."

அவள் இன்னும் நம்பவில்லை. பெரிய தம்பியைப் பார்த்து, "அப்பா கொழும்புக்குப் போனாராடா?" என்று கேட்டாள். அவன், "போயி காலெல்லாம் வீங்கி வந்தாரு. யாருக்கா நீங்க?" என்றான். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவள் அழுவதைப் பார்த்து இடுப்பிலிருந்த பிள்ளையும் அழுதது.

அந்த நேரத்தில் முதலாளி ஒரு கான்ஸ்டபிளோடு வந்து சேர்ந்தார். பின்னால் ஒரு கூட்டம். "பிள்ளை பிடிக்கிறவள்" என்று யாரோ சொன்னது கிருஷ்ணம்மாவின் காதில் விழுந்தது. கான்ஸ்டபிள் அவள் தோளைப் பிடித்து, இது யார் பிள்ளை என்று சிங்களத்தில் கேட்டார்.  மாரிமுத்து குறுக்கே வந்து முதலாளியிடம் கைகூப்பினார்.

"மொதலாளி, எம் மக கொழும்புல இருக்கான்னு உங்க வூட்டம்மா சொன்னாங்களே. இங்கேயேதான் வச்சிருந்தீங்களா?"

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு கான்ஸ்டபிளிடம் சிங்களத்திலேயே சொன்னார்: தவறு நடந்துவிட்டது, பிள்ளையை இங்கே கூட்டிவரச் சொன்னது நான்தான், மறந்துபோய்விட்டேன்.

கான்ஸ்டபிள் கையை எடுத்தார். முதலாளி றஸ்மியாவை வாங்கிக்கொண்டார். பிள்ளை கிருஷ்ணம்மாவின் சட்டையை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. "கிச்சம்மா, வா" என்ற சத்தம் ஸ்டேஷன் வாசல் தாண்டும்வரை கேட்டது. முதலாளி அவளைத் திரும்ப வா என்று சொல்லவுமில்லை, போ என்று சொல்லவுமில்லை.

கிருஷ்ணம்மாவின் பேர் குடும்பப் பாஸ்போட்டில் இல்லை. ஆள் இல்லாததால் எடுத்துவிட்டிருந்தார்கள். மணி அடித்தது. மாரிமுத்து ரயிலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கிக் கீழே வைத்தார். பெரிய தம்பி அழுது சண்டை போட்டான். ரயில் அவர்கள் இல்லாமல் போயிற்று.

இரத்தோட்டையில் ஒரு மிளகுத் தோட்டத்தில் புஹாரிதான் அவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுத்தார். இந்தியாக்காரரும் இல்லை, இலங்கைக்காரரும் இல்லை என்ற நிலையில் வருடக் கணக்கில் அங்கே இருந்தார்கள். பெரிய தம்பி அக்காவிடம் முகம் கொடுத்துப் பேச நெடுநாள் ஆயிற்று. கிருஷ்ணம்மா பகலில் கொடியிலிருந்து மிளகு பறித்தாள். இரவில் தொட்டில் கயிறு இல்லாத காலோடு தூங்கப் பழகுவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஸ்டேஷன் சம்பவம் நடந்து ஒரு வாரத்துக்குள், சேதி சொன்னது யார் என்று ஊகித்து, முதலாளி புஹாரியை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். அதனால்தான் அவளுக்குக் குழப்பம். முதலாளி ஸ்டேஷனில் கான்ஸ்டபிளிடம் சொன்னது, கேஸ் வரும் என்று பயந்து சொன்ன பொய்யா, தன்மேல் இரக்கப்பட்டுச் சொன்ன பொய்யா? ஒருநாள் மிளகுச் சாக்குத் தைத்துக்கொண்டே, வேறொரு லொறியில் மிளகு ஏற்ற வந்த புஹாரியிடம் கேட்டுவிட்டாள்.

"மொதலாளிக்கு முன்னாடியே தெரியுமா நானா, அப்பா வந்து போனது?"

புஹாரி தைத்து முடித்த சாக்கை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும், தங்கச்சி. அவரு கேக்கல்ல."

அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். அந்தப் பதிலையும் அவள் உடனே நம்பிவிடவில்லை.