நகரசபை எடுத்துப்போகாத கார்

பதினெட்டு வருடங்களுக்கு முன்பு, என் மனைவியின் தம்பி யோகன் கனடாவுக்குப் போயிருந்த சமயத்தில், அவனுடைய காரை செவன் ஹில்ஸில் பழைய கார்களை உடைத்து விற்கும் ஒருவனுக்கு முந்நூறு டொலருக்கு விற்றேன். திரும்பி வந்தவனிடம், நகரசபை லொறி வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று சொன்னேன். இரண்டும் தவறு. இரண்டாவதுதான் பெரியது என்று விளங்க எனக்கு எழுபத்துநான்கு வயதாக வேண்டியிருந்தது.

அது 1985ஆம் ஆண்டு மஸ்டாங். பெட்டி போன்ற முகம். அந்த நாட்களில் அதை மஸ்டாங் என்று சொன்னாலே அறுபதுகளின் மஸ்டாங் வைத்திருந்தவர்கள் சிரிப்பார்கள். ஸ்டியரிங் இடப்பக்கம் வேறு. முப்பது வயதாகாத அப்படியான காரை அப்போது எங்கள் மாநிலத்தில் ரோட்டில் ஓட விடமாட்டார்கள். அதனால் யோகன் காருக்கு வயது போகட்டும் என்று காத்திருந்தான். அவனுடைய அடுக்குமாடியில் இடமில்லை. ஆகவே அது காத்திருந்தது கிரவீனில் என் வீட்டு வாசலில், ரோட்டோரப் புல்லில். "இருந்து பாருங்கோ அத்தான், இதுக்கும் ஒரு காலம் வரும்" என்பான்.

மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. நான்கு டயரும் இறங்கியிருந்த காருக்குள் பூனை குட்டி போட்டிருந்தது. இதைப் பார்த்தால் என்ன குடும்பம் என்று நினைப்பார்கள்? நான் டெலிபோனை எடுத்தேன். குறித்த நாளில் மாப்பிள்ளை வந்து, கதிரையில் இருப்பதற்கு முன்பே கேட்டார்: "அங்கிள், வாசலில நிண்ட மஸ்டாங் எங்க?" அதற்கு முந்திய வாரமே களவாக வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் வீட்டில் அவருக்குப் பிடித்த முதல் விஷயம் அதுதானாம்.

கல்யாணம் நடந்தது. இந்த வருடம் அந்த மருமகனே இணையத்தில் காரைக் கண்டுபிடித்தார். டாஷ்போர்டின் ஓரத்தில் யோகன் ஒட்டிய சின்ன வேல் ஸ்டிக்கர் படத்தில் அப்படியே தெரிந்தது. உடைபடாமல் கை மாறி, மெல்பேர்ணுக்கு மேற்கே வெரிபீயில், செந்தில் என்ற கோயம்புத்தூர்க்காரரிடம் இருந்தது. அவரிடம் டெலிபோனில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். யோகனிடம் மட்டும், "ஒரு பழைய கார் பார்க்க வெரிபீக்குப் போட்டு வருவம், வாறீரோ?" என்று கேட்டேன். என் மனைவி வழியில் சாப்பிட ரோல்ஸ் கட்டித் தந்து, "சொல்லாமல் திரும்பி வராதேங்கோ" என்றாள்.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு என்னுடைய வெள்ளைக் காரில் புறப்பட்டோம். வெரிபீ ஏறக்குறைய தொள்ளாயிரம் கிலோமீட்டர். முதல் நூறு கிலோமீட்டருக்குள் சொல்லிவிடுவது என் திட்டம். ஆனால் எங்கள் தெரு முனையைத் தாண்டமுன்பே யோகன் நகரசபையைத் திட்டத் தொடங்கிவிட்டான். பதினெட்டு வருடமாக அவன் நகரசபை நூலகத்தில் கால் வைத்ததில்லை. நகரசபை நட்ட மரத்தின் நிழலில்கூட நிற்கமாட்டான். இங்கே கடுங்கோடையான ஜனவரி வெயிலிலும், பஸ்ஸுக்காக அந்த நிழலை விட்டு இரண்டு அடி தள்ளித்தான் நிற்பான்.

ஏழரை மணிக்குக் கோல்பேர்ண். மூன்று மாடி உயரத்துக்குக் கொங்கிறீற்றில் ஒரு செம்மறிக்கடா கட்டி வைத்திருக்கிறார்கள். அதன் காலடியில் கோப்பி ஐந்தரை டொலர். "யோகன், உம்மட்ட ஒரு விஷயம்..." என்று தொடங்கினேன். அவன் கடாவை அண்ணாந்து பார்த்தபடி, "உதுக்கு மூளை கொங்கிறீற்று. எங்கட நகரசபைக்காரனுக்கு அதுவும் இல்லை" என்றான். நான் கோப்பியைக் குடித்தேன்.

பத்து மணிக்குக் கண்டகாய். பொதுக் கழிப்பறை மிகவும் துப்புரவாக இருந்தது. யோகன் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். "இது நல்ல நகரசபை அத்தான். இவங்கள் ஒருத்தற்ற காரையும் எடுத்திருக்கமாட்டாங்கள்."

"எங்கட ஆக்களும் அவ்வளவு கூடாத ஆக்கள் இல்லை."

"நீங்கள் எல்லாரையும் நம்புவீங்கள். அதுதான் உங்கட குறை."

அல்பரியில் பெற்றோல் லீற்றர் ஒரு டொலர் தொண்ணூற்றைந்து சதம். கண்ணாடி முழுவதும் பூச்சிகள் அடிபட்டு ஒட்டியிருந்தன. மறே ஆற்றைக் கடந்தால் விக்டோரியா மாநிலம். பொய் சொன்ன மாநிலத்துக்குள்ளேயே உண்மையையும் சொல்லிவிட வேண்டும் என்று ஏனோ தோன்றியது. யோகன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாலம் இருநூறு மீற்றர்கூட இருக்காது. கடந்துவிட்டோம்.

நான்கரை மணிக்கு வெரிபீ சேர்ந்தோம். கூரை முதல் தபால்பெட்டி வரை ஒரே மாதிரியான புது வீடுகள். செந்திலின் தெரு எங்கள் வரைபடத்தைவிடப் புதியது. அவரே சந்திக்கு வந்து கையைக் காட்டினார். "வாங்க அங்கிள், டீ போடவா, காரைப் பார்க்கறீங்களா?" யோகன் காரையே கேட்டான்.

கராஜ் கதவு மேலே போனது. சிவப்பு வர்ணம் பளபளத்தது. யோகன் குனிந்து ஜன்னலுக்குள் பார்த்தான். டாஷ்போர்டின் ஓரத்தில் அவன் ஒட்டிய வேல் அப்படியே இருந்தது. நிமிர்ந்தபோது கண்கள் நனைந்திருந்தன. "இது என்ர கார்" என்றான். பிறகு செந்திலின் கையைப் பிடித்துக்கொண்டான். "தம்பி, நகரசபைக்காரன் உமக்கு எவ்வளவுக்கு வித்தவன்? அந்த ரசீதை ஒருக்காத் தாரும். நான் அவங்களைக் கோட்டுக்கு இழுக்கவேணும்."

செந்தில் என்னைப் பார்த்தார். "அங்கிள், நீங்க இன்னும் சொல்லலையா?"

"நகரசபை எடுக்கேல்லை, யோகன்" என்றேன். "நான்தான் வித்தனான்."

யோகன் செந்திலின் கையை விடவில்லை. "எவ்வளவுக்கு?"

"முந்நூறு."

"முந்நூறோ?"

செந்தில் சும்மா இருந்திருக்கலாம். "போன மாசம் ஒருத்தர் அம்பத்தஞ்சாயிரம் கேட்டார் அங்கிள். முன்னாடி இதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. சின்ன வயசுல சுவத்துல இந்தப் படத்தை ஒட்டி வச்சிருந்த பசங்க கையில இப்பதான் காசு வந்திருக்கு. நானும் அதுல ஒருத்தன்."

என் சட்டைப் பையில் இருபதாயிரத்துக்கு ஒரு காசோலை இருந்தது. அதை எடுத்து நீட்டினேன். செந்தில் மரியாதையாக என் கையை மூடினார். "விக்கறதா இல்லைங்க. ஆனா சாவி இந்தாங்க. ரெண்டு பேரும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

யோகன் இடப்பக்கம் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தான். நான் வலப்பக்கம், சாரதி இருக்கவேண்டிய இடத்தில், சும்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எதிரே காரில் வந்த ஒரு பெண் எனக்கு வழி விட்டாள். ஓட்டாத மனிதன் என்ன செய்வது? கை கூப்பினேன். யோகன் என் பக்கம் திரும்பாமல் ரோட்டையே பார்த்து ஓட்டினான். வட்டச் சந்தியில் வலப்பக்கத்து வாகனத்துக்குத்தான் வழி விடவேண்டும். அந்தப் பக்கத்தை என் தலை மறைத்தது. அவன் பிறேக்கில் காலை வைத்துக்கொண்டு யோசித்தான். என்னைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

"வலப்பக்கம் ஏதும் வருதோ?"

"ஒண்டும் வரேல்லை."

"அத்தான், இந்த முறையாவது உண்மையைச் சொல்லுங்கோ."

நான் மறுபடியும் பார்த்தேன். "தூரத்தில ஒரு வான் வருது. அது போகட்டும்."

வான் போனது. யோகன் காரை நகர்த்தினான். அந்தச் சந்தியையே மூன்று முறை சுற்றினோம். ஒவ்வொரு முறையும் கேட்டான், ஒவ்வொரு முறையும் சொன்னேன். மூன்றாவது சுற்றில், "காரின்ர கதையை விடுங்கோ" என்றான். "பதினெட்டு வருசமா ஒரு பிழையும் செய்யாத சனத்தை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறன். நீங்கள் என்னோட வந்து அவங்களிட்டச் சொல்லவேணும்."

ஊர் திரும்பி, செவ்வாய்க்கிழமை நகரசபைக்குப் போனோம். கவுன்டரில் ஓர் இளம்பெண். அவள் பள்ளிக்கூடம் போகமுன்பு நடந்த கதை முழுவதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பக்கத்தில் நின்ற யோகனும், நூலகத்தையும் சேர்த்து, மன்னிப்புக் கேட்டான். அவள் அன்பானவள், எங்களை வெறுங்கையோடு அனுப்ப விரும்பவில்லை. ஆனால் நகரசபை எடுத்துப்போகாத காரைப் பதிவதற்கு அவளுடைய கணினியில் இடமில்லை. தேடித் தேடி, ரோட்டில் கைவிடப்பட்ட வாகனம் என்ற தலைப்பின் கீழ் என் வீட்டு முகவரியை எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஓர் அலுவலர் எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். என் வாசலில் நின்றது என் வெள்ளைக் கார்தான். அதைக் கழுவ எனக்கு இன்னும் மனம் வரவில்லை. இரண்டு மாநிலத்துப் பூச்சிகளும் அதில் காய்ந்திருந்தன. வெளியே வந்து பார்த்தபோது கண்ணாடியில் செம்மஞ்சள் ஸ்டிக்கர்: இந்த வாகனம் கைவிடப்பட்டதாகத் தெரிகிறது, உரிமையாளர் உடனே தொடர்புகொள்ளவும்.

யோகனுக்குச் சொன்னேன். பஸ் பிடித்து வந்தான். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டிக்கரை இரண்டு முறை வாசித்தான். வெயில் கடுமையாக இருந்தது. இரண்டு அடி பின்னால் போய், நகரசபை நட்ட மரத்தின் நிழலில் வசதியாக நின்றுகொண்டான்.

"நல்லாத்தான் வேலை செய்யிறாங்கள், அத்தான்" என்றான்.