கல்லுப்புக் கடல்

மனைவி இறந்த பிறகு, மலைக்கோயில் மணியைத் தவிர என் திருத்தணி வீட்டில் வேறு சத்தமில்லை. சும்மா இருக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் போனேன். அங்கே மீனவப் பெண் ஒருவர், வருகிறவர்களைக் கரையோரம் அழைத்துப் போய்ப் பறவைகளையும் நண்டுகளையும் காட்டி விளக்குவார்.

"சங்கு, கிளிஞ்சல் எதையும் எடுத்துகினு போவாதீங்க" என்று முதலிலேயே சொன்னார்.

எல்லோரும் குடும்பமாக வந்திருந்தார்கள். கடைசியாகத் தனியே நடந்த நான், ஒரு சின்னச் சங்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை, சங்கை வைத்திருந்த அலமாரியில் கரகரவென்று சத்தம். சங்குக்குள் குடியிருந்த ஒரு நண்டு கால் நீட்டி நகர்ந்தது. அதைத் திரும்ப விட அப்போதே பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. வீட்டில் இன்னோர் உயிரின் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று! கடல் என்றால் உப்புத் தண்ணீர்தானே என்று கல்லுப்பைக் கரைத்து, எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி நண்டை அதில் விட்டேன். காபி குடித்தபடி நண்டோடு பேசவும் செய்தேன்.

மூன்றாம் நாள் சத்தம் நின்றுவிட்டது.

டப்பாவோடு மறுபடி பழவேற்காட்டுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"கல்லுப்பு போட்டா கடலாயிடுமாங்க? இதுங்க கூட்டமா கிடக்கும். ஒண்ண மட்டும் தனியா பிரிச்சிகினு போயிட்டீங்களே."

செத்த நண்டை எடுத்துவிட்டு வெறும் சங்கை என்னிடம் தந்தார். "தண்ணி ஓரமா வெச்சிடுங்க. வேற ஒண்ணு குடி வரும்."

வைத்தேன்.

தனியாக இருப்பது எப்படியிருக்கும் என்று தெரிந்த நானே அதை இன்னோர் உயிருக்குச் செய்தேன். திரும்பக் கொண்டுவந்த டப்பா மேசையில்தான் இருக்கிறது. அடியில் உப்புப் படிந்திருக்கிறது. கழுவ மனம் வரவில்லை.