இலைக்கு மேல் நீட்டிய கை

சென்ற வெள்ளிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், இலைக்கு மேல் கையை நீட்டி "போதும்மா" என்றேன். சோறு போட்டுக்கொண்டிருந்த பெண் அந்தக் கணமே கரண்டியை வாளிக்குள் திருப்பிக்கொண்டாள். ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். அப்படித்தான் நிறுத்த வேண்டும் என்று அந்தக் கடைக்குச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான். நியாயமாகப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ அங்கே இல்லாத ஒரு மனிதர் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சிறிய அமைப்பில் வேலை பார்க்கிறேன். கல்லூரி மாணவர்களைச் சில மாதப் பயிற்சிக்கு எடுத்து, நாம் சாப்பிடுவது எங்கிருந்து வருகிறது, யார் யார் கை மாறுகிறது, கடைசியில் எங்கே போய் விழுகிறது என்பதை நேரில் பார்க்க வைப்பதுதான் வேலை. மலையிலிருந்து காய்கறி இறக்கும் லோரி, மொத்தச் சந்தை, வாழையிலை கட்டுக்கட்டாக வந்து இறங்கும் இடம் வரைக்கும் பிள்ளைகள் குதித்துக்கொண்டு வருவார்கள். குப்பைத் தொட்டிப் பக்கம் வந்ததும் முகம் சுருங்கிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவை இந்தக் கடையில் விட்டிருந்தேன். மதியக் கூட்டம் கலைந்ததும், மடித்து வைத்த இலைகளைக் கையுறை போட்டுக்கொண்டு திறந்து, மிஞ்சிய சோற்றை எடை போட வேண்டும். கிள்ளானிலிருந்து ஒரு மாணவியின் அம்மா போன் செய்து, "காலேஜ்ல படிக்கப் போன பிள்ளைய எச்சி இலை எடுக்க விட்டுட்டீங்களா?" என்று என்னை ஒரு பிடி பிடித்தார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் அந்த அம்மாவையெல்லாம் ஒன்றுமில்லாமல் ஆக்கிய ஒருவர் கடைக்குள்ளேயே இருந்தார்.

எல்லாரும் அவரைச் சோற்றண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதர். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, தோளில் துண்டு, கையில் பளபளக்கும் வாளி. அந்த வாளியை வேறு யாரும் தொடக் கூடாது. கடைக்குக் கூட்டம் வருவதே தன் கைக்காகத்தான் என்பது அவருடைய உறுதியான எண்ணம். உண்மையில், எடையைக் குறைக்கப் பாடுபடும் அலுவலகப் பெண்கள் அவர் வரிசை காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார்கள். சோறு போடும்போது அவர் சாப்பிடுகிறவரின் கையைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்ப்பார். "போதும்" என்று சொன்னால் அது அவர் காதில் ஏறாது. கையை நீட்டி மறைத்தால் கைக்கு அந்தப் பக்கம் போடுவார். இலை மேலேயே கவிழ்ந்துகொண்டால் மேசையைச் சுற்றி மறுபக்கமாக வந்து போடுவார். இதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கே சோறு வீணாகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னால் போதும் என்பது கடை முதலாளி எங்களுக்கு இடம் கொடுத்தபோது கேட்ட ஒரே விஷயம். அதற்குத் தராசே தேவைப்படவில்லை. அண்ணனின் வரிசையிலிருந்து வந்த இலைகளைத் தூக்கும்போதே கை சொல்லிவிட்டது. பிள்ளைகள் ஒரு திட்டம் போட்டார்கள்: முதலில் அரைக் கரண்டி, பிறகு கேட்டுப் போடுவது, முதல் "போதும்" வந்ததும் நிறுத்துவது. அண்ணனிடம் நடித்தே காட்டினார்கள். அவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, திரும்பிய கையோடு அடுத்த மேசையில் ஒரு குன்று எழுப்பினார். நான் போய்க் கேட்டேன். நான் ஆசிரியை இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் டீச்சர்தான்.

"டீச்சர், மொத போதும் வெக்கத்துல வர்றது லா. ரெண்டாவது போதும் பக்கத்துல உக்காந்திருக்கறவனுக்காகச் சொல்றது. மூணாவதுதான் வயிறு சொல்றது."

"அப்ப மூணாவதுக்காவது நிறுத்துங்களேண்ணே!"

"மூணாவது யாரும் சொல்றதில்லையேம்மா."

எப்படிச் சொல்வார்கள்? அதற்குள் வாய் திறக்கவும் இடமில்லாமல் இலையில் சோறு குவிந்திருக்குமே. இதை அவருக்கு விளக்கப் போய், நான்தான் மூச்சு வாங்கி நின்றேன். இலையைத் திறப்பதிலும் அவருக்கு வருத்தம் உண்டு. மடித்த இலை மடித்ததுதான், சாப்பிட்டவன் சோலி அதோடு முடிந்தது, அதைத் திறந்து பார்ப்பது அடுத்தவன் வீட்டை எட்டிப் பார்ப்பது போல என்றார். திறந்து பார்த்திருந்தால் தான் போட்ட சோறு அப்படியே கிடப்பதைப் பார்த்திருப்பார் என்பதுதான் எனக்கு ஆத்திரம். ஒரு நாள் வலுக்கட்டாயமாகத் தொட்டியருகே கூட்டிப்போய்க் காட்டினேன். பார்த்தார். "இன்னிக்கு சாம்பார் சரியில்ல டீச்சர்" என்றார்.

முதலாளி பொறுமையிழந்தார். மாதக் கடைசிக்குள் மாறாவிட்டால் பின்னால் பொட்டலம் கட்டும் மேசைக்கு அனுப்பிவிடுவேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அங்கே சோறு கிண்ணத்தில் அளந்து வைக்கப்படும். சாப்பிடுகிற முகம் ஒன்றையும் பார்க்க முடியாது. சம்பளம் ஒன்றுதான், நிழலான இடம், காலுக்கும் ஓய்வு. ஆனாலும் அண்ணன் அன்றைக்கு வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "என்ன மட்டும் உள்ள தள்ளிடாதீங்க டீச்சர்" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. முதலாளியிடம் போய் நின்று, பிள்ளைகளின் பயிற்சி முடியும்வரை அவகாசம் வாங்கினேன். அண்ணனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: முதல் "போதும்" வந்ததும் நிறுத்த வேண்டும். தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

மறுநாள் ஒழுங்காகத்தான் தொடங்கினார். பிள்ளைகள் எனக்குக் கட்டைவிரல் உயர்த்திக் காட்டினார்கள். அப்போது காவலாளிச் சீருடையில் ஒருவர் தனியாக வந்து அண்ணனின் வரிசையில் உட்கார்ந்தார். சோறு விழுந்ததும் கையை நீட்டி, "போதும்ண்ணே" என்றார். அண்ணன் நிறுத்தினார். அந்த மனிதர் விறுவிறுவென்று சாப்பிட்டு முடித்தார். இலையில் ரசம் மட்டும் தேங்கியிருந்தது. தலையைத் தூக்கி ஒரு தடவை பார்த்தார், பிறகு இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனார். அண்ணன் நேரே என்னிடம் வந்தார்.

"அந்தாளு பசியோட போறாரு டீச்சர்."

"வேணும்னா கேட்டிருக்கலாமேண்ணே. வாயில்லையா அவருக்கு?"

"கேக்க மாட்டாரும்மா."

அவ்வளவுதான். சத்தியமாவது ஒன்றாவது, அந்த நிமிடத்திலிருந்து வாளி பழையபடி சுற்றத் தொடங்கியது. அவகாசம் வாங்கிக் கொடுத்த என்னை ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்காத ஒருவருக்காக, கேட்காத அத்தனை பேர் இலையிலும் கொட்டுவது என்ன கணக்கு? கொட்டினது குப்பைக்குத்தானே போகிறது? அந்தச் சோறு விளைந்த வயலையும் அதைச் சுமந்த லோரியையும் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் கண்கலங்க நின்றார்கள். இன்றைக்கும் சொல்கிறேன், அண்ணன் செய்தது தவறுதான். பயிற்சி முடிந்ததும் முதலாளி அவரைப் பொட்டல மேசைக்கு மாற்றினார். அங்கேயும் கிண்ணத்தில் அழுத்தி அழுத்தி அடைத்து, பொட்டலம் வாய் மூடாமல் வந்ததாம். சில வாரங்களில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கிள்ளானில் கல்யாணச் சமையல் செய்கிறவர்களோடு போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்காக மன்றாடின நான் இதைக் கல்லாவில் நின்றவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது கடையில் தொட்டி பாதி நாளிலேயே நிரம்பி வழிவதில்லை. ஒவ்வொரு புதுக் குழுவையும் அங்கே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். சென்ற வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். விடியும் முன்பே சந்தைக்குப் போய், பிள்ளைகளோடு கூடைகளுக்கு நடுவே அலைந்து, ஒரு தே தாரேக் டீ மட்டும் குடித்திருந்தேன். நல்ல பசி. ஆனால் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்னை அறியாமல் கை நீண்டது, "போதும்மா" என்றது வாய். நாலு கவளத்தில் சோறு தீர்ந்துவிட்டது. கூட்டையும் பொரியலையும் வெறுமனே தின்றேன். வாளியோடு அந்தப் பெண் இரண்டு தடவை என்னைக் கடந்து போனாள். கூப்பிட்டிருந்தால் சந்தோஷமாகப் போட்டிருப்பாள். தலையைத் தூக்கிப் பார்த்தேன். கூப்பிட வாய் வரவில்லை.

இலையை மடித்தேன். பக்கத்தில் இருந்த மாணவி கையுறையோடு காத்திருந்து, உடனே அதைத் திறந்தாள். "அக்கா, உங்க இலைல ஒண்ணுமே இல்ல! இதத்தான் போட்டோ எடுக்கணும் லா" என்று கைதட்டினாள். மற்றவர்களும் கைதட்டினார்கள். வெறும் இலையைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொன்னாள். சிரித்தேன். வயிறு காய்ந்துகொண்டிருந்தது, சோற்றண்ணன் மேல் வந்த கோபம் தலைக்கேறியது. அடுத்த தடவை கையை நீட்டவே கூடாது என்று நினைத்துக்கொண்டேன். நீட்டுவேன், எனக்குத் தெரியும். மேசையைச் சுற்றி மறுபக்கமாக வர இனி அங்கே யாருமில்லை.