நிறுத்தி வைத்த தோல்

இருபத்திரண்டு வருஷம் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் மனிதத் தோலை, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பதற்காக, மெழுகில் பதித்து மெல்லிசாகச் சீவிய கை என்னுடையது. ஓய்வு பெற்ற பிறகாவது வீட்டில் கிடந்திருக்கலாம். கிடக்கவில்லை. டூட்டிங்கிலிருந்து ரயிலேறி ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் பகுதிநேர வேலைக்குப் போனேன். அங்கே மனிதத் தோல் இல்லை. காஷ்மீர் ஆட்டுக்குட்டிகளின் தோல், சட்டைப் பொத்தான் அளவுத் துண்டுகளாக.

அந்த ஆடுகளின் முரட்டு மயிருக்கான மயிர்க்கால்கள் பிறக்கும்போதே இருக்கும். விலை போகிற மெல்லிய மயிருக்கானவை பிறந்த பிறகும் சில மாதம் உருவாகும். பிறகு அவ்வளவுதான், கிடைத்த எண்ணிக்கையோடு ஆடு காலம் தள்ள வேண்டும். எந்த வாரத்தில் எத்தனை என்று எண்ணுவதுதான் எங்கள் ஆராய்ச்சி மாணவியின் மூன்று வருட உழைப்பு. இந்த வெள்ளைக்கார நாட்டிலேயே பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என்னை அன்டி என்பாள். எட்டே குட்டிகள். ஒரு குட்டியிடமிருந்து ஒரு வாரத்துக்கு ஒரு துண்டுதான்.

எண்ணுவதற்குத் தோலை மெழுகில் படுக்க வைத்துச் சீவ வேண்டும். அப்போதுதான் மயிர்க்கால்கள் வட்டம் வட்டமாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் நோய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதால் நிறுத்தித்தான் வைப்போம். இது எனக்குத் தெரியாதா? எத்தனை துண்டைப் படுக்க வைத்திருக்கிறேன்! ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை முழங்கால் வலி, ரயிலில் இருக்க இடமில்லை, வரும்போதே உடம்பு அடித்துப் போட்டது போல இருந்தது. மூளை அசந்த நேரம் கை பழைய வேலையைப் பார்த்துவிட்டது. ஒரு குட்டியின் பன்னிரண்டாம் வாரத் துண்டில் பாதிக்கு மேல் சீவிய பிறகுதான் நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். வட்டம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் நீட்டு நீட்டாக நின்றன.

"ஐயோ, நாசமாப் போச்சு!" என்று வாய்விட்டுக் கத்தினேன். அறையில் யாரும் இல்லை.

பக்கத்திலேயே அதே குட்டியின் அடுத்த வாரத் துண்டு இருந்தது. அதில் நாலு சீவல் எடுத்து இதன் லேபலை ஒட்டினால் ஈ காக்கைக்கும் தெரியாது. ஒரு தேத்தண்ணி ஆறும் வரைக்கும் அதை யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். பிறகு எழும்பிப் போய் அவளிடம் சொன்னேன்.

"பிள்ளை, பிழை விட்டிட்டன். தோலை நிப்பாட்டி வச்சிட்டன்."

"திருப்பி உருக்கிப் படுக்க வைக்க ஏலாதா, அன்டி?"

"மிச்சம் கொஞ்சம்தான், எண்ணக் காணாது."

"அந்தக் குட்டிக்கு இப்ப ஆறு மாசம். பன்னிரண்டாம் வாரத் தோலை இனி எடுக்க ஏலாது," என்றாள். ஒரு வாரம் விடுபட்டால் மற்ற வாரங்களின் எண்ணிக்கையும் உதவாது என்பதால், கணினியில் அந்தக் குட்டியின் வரிசையை முழுதாக அழித்தாள். ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் நானும் இரண்டு சொல் திருப்பிச் சொல்லி ஆறியிருப்பேன்.

அடுத்த செவ்வாய் போனபோது எல்லாத் துண்டுகளும் மெழுகில் படுத்திருந்தன. அவளே காலையில் வந்து செய்து முடித்திருந்தாள்.

"அன்டிக்கு ஒரு கதிரை போட்டிருக்கிறன். நீங்கள் இருந்துகொண்டு லேபல் மட்டும் ஒட்டுங்கோ, காணும்."

அன்பாகத்தான் சொன்னாள். "ஓம் பிள்ளை," என்று உட்கார்ந்தேன். எனக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். அது வருவதற்கு முன்னமே கால் இரண்டும் அப்பாடா என்றன. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.