மயிலாப்பூரில் ஒரு கனடா டீச்சர்

போன வருஷம் மார்ச் மாதம். மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய சந்தில் எங்கள் ஃப்ளாட். தினமும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். பால் பாக்கெட் போடும் அம்மாள் ஒருநாள் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, ஜொரமா? இந்தப் புழுக்கத்துல சால்வ போத்திகினு கீறே?" என்று கேட்டார். ஜுரம் எல்லாம் இல்லை. நான் கனடாவில் இருந்தேன்.

அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள். பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள் நான். வேலையை விட்ட பிறகு, வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆன்லைனில் இங்கிலீஷ் சொல்லித்தரும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். ஆபீஸ் பெருங்குடியில். முதல் நாளே சூப்பர்வைசர் என் பெயரை ஜென்னி என்று மாற்றினார். ஊர் கனடா. "இந்தியான்னா கஸ்டமர் நம்ப மாட்டாங்க மேம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

குக்கர் விசில் கேட்கக் கூடாது. ஃபேன் சத்தம் கூடாது. காக்கா கத்தக் கூடாது. காக்காயிடம் யார் போய்ச் சொல்வது? கனடாவில் பனியா மழையா என்று ஃபோனில் பார்த்து வைத்துக்கொண்டு, கழுத்தில் வியர்வை வழிய வழிய, "இங்கே பனி கொட்டுகிறது" என்று சிரிப்பேன். ஐந்து மாதம் இந்தக் கூத்து.

அந்த நேரத்து மாணவி வியட்நாமில் ஒரு கடற்கரை ஹோட்டலில் சலவைப் பிரிவில் ஆறு வருஷமாக வேலை பார்க்கும் பெண். ரிசப்ஷன் வேலைக்கு இரண்டு முறை இன்டர்வியூவுக்குப் போய், இங்கிலீஷ் பேச வராமல் திரும்பியிருந்தாள். மூன்றாவது முறையும் தவறினால் இனி கூப்பிட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். ஆயுசுக்கும் சலவைதான்.

அதனால் தினமும் ஒத்திகை. அவள் ரிசப்ஷனிஸ்ட், நான் ஹோட்டலுக்கு வரும் விருந்தாளி. கனடாக்காரி ஹோட்டலில் என்ன கேட்பாள் என்று நான் எங்கே கண்டேன்? எனக்குத் தெரிந்த விருந்தாளிகள் என் நாத்தனார் குடும்பம்தான். ஒரே ரூமில் ஏழு பேர் தங்குவோம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள் என்று இங்கிலீஷில் கெஞ்சினேன். காலை நாலு மணிக்கு வெந்நீர் கேட்டேன். முட்டையில் பட்ட கரண்டி எனக்கு ஆகாது என்று சண்டை போட்டேன். பால்கனியில்தான் ஈரப் புடவையைக் காயப்போடுவேன் என்று அடம்பிடித்தேன். முதலில் திணறியவள், போகப் போக என் முகம் கோணாமல் மாட்டேன் என்று சொல்லக் கற்றுக்கொண்டாள்.

இன்டர்வியூவுக்கு முதல் நாள் பங்குனி உற்சவம். சுவாமி புறப்பாடு. பாடத்தின் நடுவில் மேளமும் நாகஸ்வரமும் சந்து முனைக்கே வந்துவிட்டன. போதாததற்கு மாடி வீட்டு மாமா கதவைத் தட்டி, "சுவாமி வந்துண்டிருக்கார், உள்ள என்ன பண்ணிண்டிருக்கே? வா, வா!" என்று கத்துகிறார். என்ன சத்தம் என்று அவள் கேட்டாள். பக்கத்து வீட்டு டிவி என்றேன், கூசாமல்.

அவள் சிரித்துவிட்டாள். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் டீச்சர், நான் காத்திருக்கிறேன் என்றாள். நான் இந்தியாக்காரி என்று முதல் வாரமே அவளுக்குத் தெரியுமாம். அவர்கள் ஹோட்டலுக்கு நம் ஊர்க் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. நான் அடம்பிடித்தேனே, அந்த ஈரப் புடவைகளைப் பால்கனியிலிருந்து எடுத்து மடிப்பதே அவள் வேலைதான். சொன்னால் என் வேலை போய்விடுமோ என்று பேசாமல் இருந்திருக்கிறாள். அவள் பெயர் வெள்ளைக்காரர்கள் வாயில் நுழையாது என்று அவள் சட்டையிலும் ஓர் ஆங்கிலப் பெயரைக் குத்தி வைத்திருக்கிறார்களாம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அந்தக் கம்பெனி மேல், அந்த ஹோட்டல் மேல், எல்லாவற்றையும் விட என் மேல். சால்வையைக் கழற்றி மூலையில் வீசினேன். ஜன்னலைத் திறந்து, லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்துச் சுவாமியைக் காட்டினேன். என் சொந்தப் பெயரையும் ஃபோன் நம்பரையும் சொன்னேன். பிறகு மேளச் சத்தத்துக்கு மேல் நான் கத்த, அவள் பதிலுக்குக் கத்த, மிச்ச ஒத்திகையை முடித்தோம்.

ஒன்பது மணிக்கு சூப்பர்வைசர் கூப்பிட்டார். பாடப் பதிவின் கடைசிப் பகுதியை மட்டும் கேட்டிருக்கிறார். "டிவின்னு சொல்லிச் சமாளிச்சிருக்கலாமே மேம்?"

"அந்த அசிங்கத்தையும் பண்ணிட்டேன்! டிவின்னுதான் சொன்னேன்!" நான் போட்ட கூச்சலில் மாடி வீட்டு மாமா படியிறங்கி வந்துவிட்டார். என் வேலை அன்றோடு போயிற்று.

நாலு நாள் கழித்து ஃபோனில் ஒரு படம் வந்தது. அவள் ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் நிற்கிறாள். இன்டர்வியூவில் மேனேஜர் விருந்தாளியாக நடித்து, ஏழு பேருக்கு ஒரே ரூம் கேட்டாராம். அவள் அசரவில்லை. பக்கத்துப் பக்கத்து ரூம் இரண்டைக் கொடுத்து, புடவை காயப்போட இடமும் சொல்லியிருக்கிறாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சட்டையில் இன்னும் அந்த ஆங்கிலப் பெயர்தான். அதை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன் டீச்சர் என்று கீழே எழுதியிருந்தாள்.

என்னிடம் எழுதிக் கொடு என்று ஒருத்தரும் கேட்கவில்லை, ஜென்னி என்ற பெயர் வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தாலே போதும், அதைக்கூடச் செய்யாத கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை; இப்போது நானே தனியாக வகுப்பு எடுக்கிறேன், ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, மயிலாப்பூர் என்று சொல்லிவிட்டுத்தான் பாடத்தையே ஆரம்பிக்கிறேன்.