விலையில்லாத ஒரு 'ங்க'

வாய் திறக்காதவர்களைப் பேச வைப்பதுதான் என் தொழில். அதில் தொண்டை கட்டிப்போன டீச்சர்மார்களே, சார்மார்களே, உங்களுக்குத்தான் இது.

கந்தர்வகோட்டை பஸ் ஸ்டாண்டில் முந்திரி விற்று, அஞ்சல்வழியில் படித்து டீச்சரானவள் நான். ஜன்னலோர ஆளுக்கெல்லாம் "வாங்குங்க, பாருங்க" என்று 'ங்க'வை அள்ளி வீசுவேன். காசில்லாத சரக்கு. கோபமும் அங்கே பழகியதுதான், இன்னும் இறங்கவில்லை.

தூர தேசத்துக் கதை

ப்ளஸ் ஒன் பாடத்தில் நிறவெறி வந்தது. மதியம் முதல் பீரியட். வெளியே தோப்பில் முந்திரி பூத்திருந்தது. அந்த வாசனையில் வகுப்பே பாதிக் கனவில் மிதந்தது. "நம்ம ஊர்ல இதெல்லாம் இருக்கா?" என்று அதட்டினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு தூக்கக் குரல்: "இங்க எல்லாருமே கறுப்புதானே டீச்சர், யாரு யாரை வையிறது?"

கேட்காமல் கிடைத்த தள்ளுபடி

'பிறப்பால் வரும் சலுகை' என்று போர்டில் எழுதினேன். யாருக்கும் ஏறவில்லை. சந்தைக்கு இறங்கினேன். "நான் தொண்டை வத்தப் பேசி விலையைக் கொறைக்கிறேன். பக்கத்துல ஒருத்தி வாயே தெறக்கல. 'நம்மாளுதானே'ன்னு கடைக்காரரே அவளுக்குக் கொறைச்சுக் குடுக்குறாரு. அதுதான் இது."

அருண் எழுந்தான். தாத்தாவுக்கு இங்கே பெரிய முந்திரித் தோப்பு, அப்பா சவூதியில் டிரைவர். என் கையில் சாக்பீஸ் ஒடிகிற மாதிரிக் கேட்டான்: "அவ மேல என்ன தப்பு டீச்சர்? அடுத்தவளுக்கு என்ன விலைன்னே அவளுக்குத் தெரியாதே!"

சவூதி போன்

மறுநாள் அவனே ஆரம்பித்தான். "அங்க மொதலாளி மகன், என் வயசுப் பய, எங்கப்பாவை 'ஏய்'னுதான் கூப்புடுறானாம். போன்ல சொல்லிட்டுச் சிரிக்கிறாரு டீச்சர்." குரல் உடைந்தது.

அப்போது பவித்ரா எழுந்தாள். வருஷம் பூரா பேசாத பிள்ளை. அவள் அப்பா மாரிமுத்து அருண் வீட்டுத் தோப்பில்தான் வேலை பார்க்கிறார். சாதி என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

"எங்கப்பாவை நீ 'மாரி, இங்கிட்டு வா'ங்குறியே அருண்."

டி.சி. வாங்க வந்தவர்

அதற்கப்புறம் பவித்ரா வரவில்லை. தோப்பு வேலை போய்விடும் என்று வீட்டில் பயம், டி.சி. வாங்கித் திருப்பூர் மில்லுக்கு அனுப்பப் போகிறார்களாம். பேச வைத்தவள் நான். பதறிவிட்டேன்.

மாரிமுத்து ஸ்கூல் கேட்டுக்கு வந்த நேரம் உச்சி வெயில். கானலில் மைதானம் தண்ணீர் மாதிரி அலைந்தது. டி.சி. கிடையாது என்று சண்டை போடத்தான் வேகமாகப் போனேன். எனக்கு முன்னால் அருண் நின்றான். காற்றுக்கே கேட்காத குரலில், "உள்ள வாங்க" என்றான்.

மாரிமுத்து சட்டென்று ஒதுங்கித் தனக்குப் பின்னால் பார்த்தார். யாருமில்லை, சருகுதான் உருண்டது. திரும்பி அவனைக் கேட்டார்: "யாரைத் தம்பி கூப்புடுற?"

டி.சி.யை எழுதவிடாமல் அவரிடம் பேசி ஜெயித்துவிட்டேன், பவித்ராவும் இப்போது முன் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே மடக்குகிறாள். ஆனாலும் எத்தனையோ பேரம் முடித்த எனக்கு, காசே இல்லாத அந்த ஒற்றை 'ங்க' மாதிரி விலையே இறங்காத சரக்கை இந்த ஜில்லாவில் இன்னும் பார்க்கக் கிடைக்கவில்லை.