பொதுச்செயலாளரும் மிளகுக்கொடியும்

எண்பதுகளில் ஏற்காட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். பல நாடுகள் கூடிய ஒரு சபைக்குப் பொதுச்செயலாளராக இருந்து ஓய்வுபெற்ற வெளிநாட்டுக்காரர் ஒருவர், பக்கத்து எஸ்டேட் பங்களாவுக்கு விருந்தாளியாக வந்தார். மலைக் கிராமம் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டார். மொழிபெயர்க்க என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

நாங்கள் செம்மநத்தம் என்ற அந்தக் கிராமத்துக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. பொதுச்செயலாளர் வருகிறார் என்றதும் கட்சித் துண்டோடு பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

“ஏனுங்க டீச்சர், எந்தக் கட்சிக்குங்க?”

“கட்சி இல்லீங்க. எல்லா நாட்டுக்கும் பொதுவானவரு. சண்டை வந்தா சமாதானம் பேசறவரு.”

துண்டுகள் கலைந்தன. ஆனால் சமாதானம் என்ற சொல் தங்கிவிட்டது. அந்த ஊரில் அண்ணன் தம்பி இருவர் எட்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. சண்டைக்குக் காரணமான மரம் அண்ணனுடையது. அதில் படர்ந்த மிளகுக்கொடி தம்பி வைத்தது. இருவரையும் இழுத்து வந்து அவர் முன்னால் உட்கார வைத்தார்கள்.

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. தனித்தனியே விசாரித்தார். மரத்தை மூன்று முறை சுற்றி வந்தார். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தாளில் எழுதி வாசித்தார். நான் தமிழில் சொன்னேன்: “இரு தரப்பும் மற்றவரின் நிலையைக் கவலையோடு கவனத்தில் கொள்கின்றன.”

அண்ணன் யோசித்தார். “இதத்தானுங்க நாங்க எட்டு வருசமாப் பண்றோம். கொடி யாருதுன்னு உத்தரவு போடச் சொல்லுங்க.”

கேட்டேன். உத்தரவு போடத் தனக்கு என்றைக்குமே அதிகாரம் இருந்ததில்லை, இரு தரப்பையும் வேண்டிக் கேட்டுக்கொள்ள மட்டும்தான் முடியும் என்றார்.

தம்பி முதல் முறையாக அண்ணனைப் பார்த்தார். “இத்தாப் பெரிய மனுசனுக்கு அவ்வளவுதானாண்ணா?”

“பாவம்டா.”

அண்ணன் வீட்டிலிருந்து ஒரு கூடை ஆரஞ்சு வந்தது. தம்பி பலாப்பழத்தைத் தோளில் சுமந்து வந்து ஜீப்பில் வைத்தார்.

“நொம்பக் கஷ்டப்பட்டிருக்காருங்க டீச்சர். அந்த வேலைய முன்னயே உட்டிருக்கலாமுன்னு சொல்லுங்க.”

தயங்கித்தான் சொன்னேன். அவர் பலாப்பழத்தைத் தடவியபடி, தன் மனைவியும் அதையே சொன்னதாகச் சொன்னார்.

கொடி யாருடையது என்பது கடைசிவரை முடிவாகவில்லை. ஆனால் அந்த மனிதரின் கதியைப் பற்றிப் பேசிப் பேசியே அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்தைக்கு வந்துவிட்டார்கள்.